என் எழுத்திருந்த பிளாஸ்ரர்

கீர்த்திகாவின் அழைப்பு வந்தபோது நான் ஒரு மீன்பிடிகாரரின் தொடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். பூநகரிப் பக்கத்தில் நான் வேலை செய்யும் சிறிய ஆஸ்பத்திரிக்கு சலம், அதாவது சிறுநீர், அடைத்த நிலையில் அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். குழாய் வைத்தாயிற்று. கதீற்றர் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குழாயைத் தொடையில் பிளாஸ்ரர் போட்டு நிறுத்துவதற்கு முன் தோலைத் துடைக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு தரம் துடைப்பார்கள். நான் மூன்று தரம் துடைப்பவள். இரண்டாம் தரம் முடித்திருந்தேன். மேசையில் கிடந்த தொலைபேசியில் கீர்த்திகாவின் பெயர் தெரிந்தது. அதற்கு முந்திய ஒன்பது நாட்களில் அவள் மூன்று தரம் அழைத்திருந்தாள். நான் எடுக்கவில்லை. அன்றும் எடுக்கும் எண்ணம் இருக்கவில்லை. அந்த மனிதர்தான், "மிஸ்ஸி, போன் அடிக்குது, எடுங்கோவன்" என்றார்.

"அன்ரி, அம்மா மோசம் போயிட்டா" என்றாள் கீர்த்திகா.

"ஓம்" என்றேன். பிறகு மூன்றாம் தரமும் துடைத்து, பிளாஸ்ரரை ஒட்டி, அதன் மேல் திகதியையும் என் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிட்டுத்தான் கையைக் கழுவினேன். அந்த எழுத்தை எழுதும் பழக்கத்தை எங்கள் வாட்டில் கொண்டுவந்தவளே இறந்துபோன அவளுடைய அம்மா, தவமலர்தான்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லாருக்கும் தவமலர் சிஸ்டரைத் தெரியும். உங்களில் பாதிப்பேருக்கு அவள் ஊசி போட்டிருப்பாள், மீதிப்பேரை ஏசியிருப்பாள். முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்கப் போகிறோம், நீங்கள் ஒரு பக்கம் எழுத வேண்டும், அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறா என்று கீர்த்திகா கேட்டாள். அதுவும் தவமலரின் வேலைதான். தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். புகழ்ச்சி மட்டும் வேண்டியவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம். பின்னால் தேவாரம் இருக்கிறது, வம்ச வழி இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே வருடம் தாதியர் பயிற்சிக்குப் போனவர்கள். அவள் உருத்திரபுரம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்த குடும்பம், வாய்க்கால் பாயும் வயல், நாலு பேர் மதிக்கும் வீடு. நான் பூவரசங்குளத்துப் பக்கம். என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டியவர்கள். விடுதியில் எங்கள் இருவரின் கட்டில்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தோட்டத்துச் சனம் என்று எங்களை ஒரு படி கீழே வைத்துப் பார்ப்பவர்கள் பலர், அவள் என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வருவதை நீங்கள் இதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

கதீற்றரை நிறுத்துவதில் அவளுக்கு இருந்த பிடிவாதம் எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு. குழாய் வைப்பது பெரிய வேலை, ஒட்டுவது சின்ன வேலை என்று மற்றவர்கள் நினைத்த காலம் அது. அவளுக்கு அப்படியில்லை. முதலில் தோலில் அகலமாக ஒரு பிளாஸ்ரர், அதற்கு மேல் குழாய், குழாய்க்கு மேல் இன்னொரு பிளாஸ்ரர். அந்த மேல் பிளாஸ்ரரைக் குழாயின் அடியில் கிள்ளிச் சேர்த்துவிட்டு இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், அப்போது குழாய் தோலை அழுத்தாது. உடம்புக்கும் பிளாஸ்ரருக்கும் நடுவில் ஒரு சின்ன வளைவு தளர்வாக இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் ஒட்டக்கூடாது, தொடையை மாற்ற வேண்டும். யாராவது இழுத்துக் கட்டியிருந்தால் அவளுக்குப் பொறுக்காது. "இஞ்சை பார், உள்ளுக்கை தண்ணி நிரப்பின பலூன் இருக்கு. இழுபடுறது பிளாஸ்ரராய் இருக்கோணும், ஆளாய் இருக்கக்கூடாது" என்பாள். இந்த வசனத்தை நான் எத்தனையோ புதுத் தாதியருக்குச் சொல்லியிருக்கிறேன்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் பிளாஸ்ரர் இருக்கவில்லை. தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே, முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பிள்ளைகள் வரிசையாய்க் கிடந்தார்கள். அவள் தன் பருத்திச் சேலைகளின் கரையைக் கிழித்து, தொடையைச் சுற்றிப் பட்டியாய்க் கட்டி, அதில் குழாயை ஊசியால் குத்தாமல் சின்ன நாடாவால் முடிந்துவிட்டாள். கட்டிய ஒவ்வொரு பட்டிக்குள்ளும் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். உணர்வில்லாத கால் இறுகினால் சொல்லாது, விரல்தான் சொல்லவேண்டும் என்பாள். ஷெல் சத்தத்துக்குள்ளும் இரண்டு விரலால் பார்க்கும் அந்தப் பழக்கத்தை அவள் கைவிடவில்லை. அந்தத் தவமலரை நான் கண்ணால் கண்டவள். அவள் நல்ல தாதி இல்லை என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது நான்தான்.

மீள்குடியேறி வந்தபின் ஒரு நாள் இரண்டு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் வாட்டில் இருந்து துண்டு வெட்டி வீட்டுக்குப் போன ஒருவர் முன்னால் இருந்தார். இடம் இல்லாததால் சலப் பையைத் தூக்கி, கைபிடிக்கும் மேல் கம்பியில் சாமான் பை மாதிரி மாட்டியிருந்தார். தவமலர் சனத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பையைக் கழற்றிக் கீழே பிடித்தாள். "ஐயா, தண்ணி மேலை ஏறுமோ? போனதெல்லாம் திரும்பி உள்ளை வரப்போகுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொண்டக்டர் பஸ்ஸை நிற்பாட்டிவிட்டார். பரந்தன் வரைக்கும் பையைத் தன் கையிலேயே, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இனி அந்த நாளைப் பற்றி. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வயதான கமக்காரர் ஒருவர், புரஸ்தகோளம் என்ற புரொஸ்ரேற் சுரப்பி பெருத்துச் சலம் அடைத்து, சத்திரசிகிச்சைக்காக வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் காத்திருந்தார். காலையில் நான் அவருடைய தொடையைத் துடைத்து, பிளாஸ்ரர் போட்டு, 'லெ' என்று எழுதினேன். லெட்சுமியின் 'லெ'. புத்தகத்திலும் பதிந்தேன். பின்னேரம் அம்புலன்ஸ் வந்தது. கட்டிலில் இருந்து அவரை ட்றொலிக்குத் தூக்கினார்கள். பை கட்டில் சட்டத்தில் மாட்டியபடியே இருந்ததை ஒருவரும் காணவில்லை. தொடையில் பிளாஸ்ரர் இருந்திருந்தால் பிளாஸ்ரர் இழுபட்டிருக்கும், யாராவது கண்டிருப்பார்கள். பிளாஸ்ரர் இருக்கவில்லை. பலூன் நிரம்பியபடியே குழாய் வெளியே வந்தது. அந்த ஐயா போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ட்றொலியின் விரிப்பு முழுக்க இரத்தம்.

ஒரு கிழமையில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்த ஊர்?"

"பூவரசங்குளம், சேர்."

"அதுக்கு முதல்?"

அந்தக் கேள்விக்கும் கதீற்றருக்கும் என்ன தொடர்பு என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஏதோ எழுதினார். பக்கத்துக் கதிரையில் தவமலர் இருந்தாள். அன்று அந்த வாட்டில் அவளும் வேலை. அவளிடம் கேட்டபோது, "நான் அந்தக் கட்டிலடிக்கே போகேல்லை, சேர்" என்றாள். நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்?

வெளியே வந்து சுவரோடு நின்று அழுதேன். அவள்தான் என்னைப் பிடித்து அங்கே கிடந்த வாங்குப் பலகையில் இருத்தித் தண்ணீர் தந்தாள். "அழாதை. கால் நோவெண்டு வீட்டுக்காரர் நல்லெண்ணெய் பூசியிருப்பினம். எண்ணெய்த் தோலிலை ஒட்டினால் நிக்குமே? நீ கவனிச்சிருக்கமாட்டாய். ஆருக்கும் வாறதுதான்" என்றாள். எங்கள் பக்கத்தில் அது நடக்கிற காரியம்தான். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் குப்பியில் எண்ணெய் கொண்டுவந்து, நாங்கள் திரும்புவதற்குள் காலை உருவிவிடுவார்கள். ஆகவே அப்படித்தான் நடந்திருக்கும் என்று நானும் முடிவுகட்டினேன். எண்ணெயில் வழுக்கிக் கழன்ற பிளாஸ்ரர் கட்டிலிலும் தரையிலும் விரிப்பிலும் ஏன் கிடக்கவில்லை என்பதை மட்டும் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கூட்டியவர்கள் அள்ளியிருப்பார்கள் என்று அதற்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டேன்.

என்னைப் பூநகரிப் பக்கம் மாற்றினார்கள். அடுத்த வருடம் தவமலர் வாட் சிஸ்டர் ஆனாள். அந்தச் செய்தி கேட்டு நான் கேசரி செய்து கொண்டுபோனேன். அந்தத் தூரத்துக்குப் பஸ் இரண்டு மாறிப் போயிருக்கிறேன் என்றால் எனக்கு அவளில் எவ்வளவு சந்தோசம் என்று பாருங்கள்.

பிழைத்து வந்த அந்த ஐயாவையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தேன். அவருடைய மனைவி கதிரை தரவில்லை. நின்றபடியே, "ஐயா, நான்தான் அண்டைக்குப் பிளாஸ்ரர் போட்டனான். சரியாய்த் துடைக்காமல் ஒட்டிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி, போ பிள்ளை" என்றார். இரண்டு வருடம் கழித்து வேறு நோயில் இறந்துபோனார். நான் செய்யாத ஒன்றுக்காக அந்த மனிதருக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். செய்தவள் யார் என்று அவருக்கும் தெரியாமலே போயிற்று.

அப்போது தொடங்கியதுதான் மூன்றாம் துடைப்பு. முதல் தரம் சவர்க்காரத் தண்ணீர், எண்ணெய் போக. இரண்டாம் தரம் உலர்ந்த துணி, ஈரம் போக. மூன்றாம் தரத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை, பயம்தான். ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாலும் மனம் நிற்காது, திரும்பி வந்து விளிம்பைத் தடவிப் பார்த்திருக்கிறேன். என் கைகளை நான் நம்பாமல் போய் எத்தனை வருடம். பூநகரியில் என்னைத் 'துடைக்கிற மிஸ்ஸி' என்பார்கள். நான் கவனமானவள் என்று அவர்கள் நினைத்தார்கள்.

போன வருடம் தவமலருக்கு நோய் வந்தது. முள்ளந்தண்டுவரை பரவி, கால்கள் சோர்ந்து, சலம் தானாய்ப் போகாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு நாட்களில் நான் உருத்திரபுரத்துக்குப் போவேன். பையை வெறுமையாக்குவதைக் கீர்த்திகா பழகிக்கொண்டாள். பிளாஸ்ரர் மாற்றுவது மட்டும் என் வேலை என்று தவமலர் சொல்லிவிட்டாள். வீட்டில்தானே என்று நான் எழுத்துப் போடாமல் விட்ட முதல் நாளே ஏச்சு விழுந்தது. "வீடெண்டால் என்ன? திகதி எழுது, உன்ரை எழுத்தையும் போடு. நாளைக்கு ஆர் ஒட்டினதெண்டு தெரியவேண்டாமே?"

கடைசியாகப் போன நாளில் பக்கத்து வயலில் வெட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீர்த்திகா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். நான் மூன்று தரம் துடைத்தேன். தவமலர் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒட்டி முடித்து, திகதி போட்டு, 'லெ' என்று எழுதினேன்.

"அண்டைக்கும் உன்ரை எழுத்து வடிவாய்த்தான் இருந்தது" என்றாள்.

"எண்டைக்கு?"

"அந்த ஐயாவின்ரை காலிலை. நீ நல்லாய்த்தான் ஒட்டியிருந்தனி. எண்ணெயும் இல்லை, ஒண்டும் இல்லை. ஓரம் சிவந்திருந்தது, மற்றக் காலுக்கு மாத்துவம் எண்டு நான்தான் கழட்டினனான். கழட்டின கையோடை பள்ளிக்கூடத்திலை இருந்து போன். கீர்த்திக்குக் காய்ச்சலாம், வந்து கூட்டிக்கொண்டு போகட்டாம். நான் போயிட்டன்."

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வந்தது. "பிளாஸ்ரர் எங்கை?"

"சுருட்டிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருந்திருக்கிறன். வீட்டை போய்த்தான் கண்டனான். அடுப்புக்குள்ளை போட்டன்."

"விசாரணையிலை ஏன் சொல்லேல்லை?"

"சிஸ்டர் வேலைக்கு இன்ரர்வியூ வந்திருந்தது. பிள்ளையும் படிக்குது. சொல்லுவம் எண்டுதான் வந்து இருந்தனான், லெட்சுமி. அந்த மனிசன் உன்னட்டை 'அதுக்கு முதல்?' எண்டு கேட்டுதல்லோ. அப்பவே எனக்கு விளங்கியிட்டுது, நான் பேசாமல் இருந்தால் உன்னிலை போய் முடியும் எண்டு."

மற்றதெல்லாவற்றையும் நான் பொறுத்திருப்பேன். மறந்துபோனதைப் பொறுத்திருப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நானும் ஓடியிருப்பேன். கீர்த்திகா, இதை நீ வாசிக்கும்போது, காய்ச்சல் வந்த பிள்ளையில் பிழை இல்லை என்று விளங்கிக்கொள். ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்து, என் சோற்றில் பங்கு எடுத்தவள், அந்த ஒரு கேள்வியில் நான் எவ்வளவு மலிவானவள் என்று கண்டுகொண்டாள். கண்டதைப் பயன்படுத்தினாள். பிறகு என்னை வாங்கில் இருத்தித் தண்ணீர் தந்து, எண்ணெய்க் கதையையும் தந்தாள். இழுபடுவது ஆளாய் இருக்கக்கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொன்னவள், அன்று என்னை இழுபட விட்டாள்.

நான் பிளாஸ்ரரின் விளிம்பை அழுத்திவிட்டேன். குழாயின் வளைவு தளர்வாய் இருக்கிறதா என்று பார்த்தேன். பையைக் கட்டிலின் கீழ்ச் சட்டத்தில் மாட்டினேன். கையைக் கழுவிக் குடையை எடுத்தேன். "போயிட்டு வாறன்" என்று சொல்லவில்லை. கீர்த்திகா தேத்தண்ணியோடு வந்தாள். அதையும் குடிக்கவில்லை.

ஒன்பது நாள் நான் போகவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. மூன்றாம் நாள் பிளாஸ்ரர் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். கீர்த்திகா எதற்கு அழைக்கிறாள் என்றும் தெரியும்.

செத்த வீட்டுக்குப் போனேன். குளிப்பாட்ட முன்னம் கீர்த்திகா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். குழாய் இன்னும் அப்படியே இருந்தது. தொடையில் என் பிளாஸ்ரர், ஒன்பது நாளுக்கு முந்திய திகதி, 'லெ'.

"ஒருத்தரையும் தொட விடேல்லை, அன்ரி. கிளினிக்கிலை இருந்து வந்த மிஸ்ஸியையும் விடேல்லை. லெட்சுமி வருவாள், அவள் வந்து மாத்துவாள் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவா. நீங்களே கழட்டுங்கோ."

முதலில் பலூனின் நீரை ஊசிக்குழலால் முழுதாக எடுத்தேன். அவளுக்கு இனி நோகாது என்று தெரியும். ஆனாலும் நீரை எடுக்காமல் குழாயை இழுக்க என் கைக்கு வராது. குழாயை எடுத்தபின் பிளாஸ்ரரை நனைத்து மெல்ல உரித்தேன். கீழே தோல் கொப்புளித்து, ஒரு பக்கம் பிளாஸ்ரரோடு சேர்ந்து வந்தது. மூன்று நாள் விதியை எங்களுக்குப் படிப்பித்தவள் அதைத் தன் காலில் மீறிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அது மன்னிப்புக் கேட்பது என்று கீர்த்திகா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் செய்யாத ஒரு காயத்தில் முன்பு என் எழுத்தை மாட்டினாள். இந்த முறை என் எழுத்துக்குக் கீழேயே ஒரு காயத்தை வளர்த்து வைத்திருந்தாள். அந்த அறையில் நின்று நான் அழுதேன். அது கோபத்தில் வந்த அழுகை. பிளாஸ்ரரைக் குப்பைப் பையில் போட்டேன்.

எட்டாம் நாள் கீர்த்திகா மலரைப் பற்றிக் கேட்டபோது அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "இதைத்தான் எழுதுவியளோ?" என்றாள். "ஓம், பிள்ளை. இல்லாட்டி எழுதமாட்டன்" என்றேன். "அப்ப எழுதுங்கோ. நான் ஒரு சொல்லும் வெட்டமாட்டன்" என்றாள். தாயிடம் இல்லாமல் போன ஏதோ ஒன்று இந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. இதை அச்சில் நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள்.

தவமலரிடம் இருந்து நான் வைத்திருப்பவை கொஞ்சம். பட்டிக்குள் விடும் இரண்டு விரல், குழாய்க்கு விடும் சின்ன வளைவு, முழங்காலுக்குக் கீழே அவள் பிடித்து வந்த பை. அவள் உண்மையைச் சொன்ன பிறகு, மூன்றாம் துடைப்பு தேவையில்லை என்று விட்டுப் பார்த்தேன். கை கேட்கவில்லை. போன கிழமையும் ஒருவர் கேட்டார், "மிஸ்ஸி, இப்பதானே துடைச்சனீங்கள், பிறகும் என்னத்துக்கு?" என்று. "எண்ணெய் இருக்கும், ஐயா" என்றேன். இல்லை என்று எனக்குத் தெரியும். அது தவமலர் எனக்குச் சொன்ன பொய். இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.